முன்பக்கச் சத்தம்: ஒரு பால் வண்டியில் கண்டது

வண்டி 150 சிசி. ஏழு வருடம் ஓடியது, மீட்டரில் 81,000 கி.மீ. முன்னால் டிஸ்க் பிரேக், சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஓட்டுகிறவர் வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் பால் எடுப்பவர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் பாலை அளந்து வாங்கி, ஏழு மணிக்குள் திண்டுக்கல் டீக்கடைகளில் ஊற்றிவிட்டுத் திரும்புவார். ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர்.

என் பட்டறைக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு அவர் சொன்னது இதுதான்: "முன்னாடி டக்கு டக்குங்குது தம்பி. எட்டு மாசமா இதே பாடு. கோன் செட்டே ரெண்டு தடவை மாத்தியாச்சு. வீல் பேரிங்கும் மாத்துனாங்க. கொறையுது, ஆனா போகல." கொஞ்சம் நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். "இப்ப வண்டி நேராவும் போக மாட்டேங்குது. வயசாயிருச்சுல்ல, என் கை நடுங்குதோ என்னவோ."

சத்தத்தை விட இந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்தியது. வண்டியின் குறையை மனுஷன் தன் கையின் குறை என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்.

முன்பக்கம் "டக்" என்றால் நம் ஊரில் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது ஒரே காரியம். மெக்கானிக் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். டக் என்று கேட்டால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்துப் பேரிங், போச்சு என்று முடிவு. அந்த ஆட்டலில் தப்பில்லை, நானும் செய்வேன். ஆனால் பிரேக்கைப் பிடித்து ஆட்டும்போது கோன் செட் மட்டும் ஆடுவதில்லை. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் பிரேக் பேட் நகரும். ஃபோர்க் பைப்புக்கும், அதன் மேல் ஏறி இறங்கும் அடிக் குழாய்க்கும் நடுவில் தேய்மானம் இருந்தால் அதுவும் ஆடும். சக்கரத்தின் அச்சான ஆக்சில் தளர்ந்திருந்தால் அதுவும் தட்டும். எல்லாமே கைக்கு ஒரே "டக்"தான். அத்தனையையும் ஒன்றாகக் குலுக்கிவிட்டு ஒன்றின் மேல் பழி போடுகிறோம்.

அதனால் வண்டியைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேசினேன். எப்போது கேட்கிறது? பிரேக் அடிக்கும்போதா, பள்ளத்தில் விழும்போதா, விழுந்து எழும்பும்போதா? போகும்போதா, வரும்போதா? கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்தார். "போகும்போதுதான் தம்பி பெருசா கேக்கும். வர்றப்போ பிரேக் புடிச்சா மட்டும் லேசா ஒரு டக்கு."

போகும்போது பால் இருக்கிறது, வரும்போது கேன் காலி. அவர் மாட்டுவது 40 லிட்டர் கேன், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பால் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் 80 லிட்டர் பால் மட்டுமே 82 கிலோ. கேனும் கேரியரும் சேர்ந்தால் நூறு கிலோ. அவ்வளவும் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளித் தொங்குகிறது. அவர் சொன்னதிலிருந்து இரண்டு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஒன்று, இது ஒரு சத்தமாக இருக்காது, இரண்டு சத்தம். இன்னொன்று, அதில் பெரிய சத்தத்தை எந்தப் பட்டறையிலும் யாரும் கேட்டிருக்க வழியில்லை. எந்த மெக்கானிக்கும் பால் கேனோடு ஓட்டிப் பார்ப்பதில்லை.

முதலில் சின்னச் சத்தத்தை எடுத்துக்கொண்டேன். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைத் தொட்டால் ஒரே ஒரு டக். விட்டுவிட்டு உடனே தொட்டால் இல்லை. கரடுமுரடான இடத்தில் கொஞ்சம் ஓடிவிட்டுத் தொட்டால் மறுபடி ஒரு டக். இதோடு, சின்னச் சின்னக் கற்கள் மேல் ஏறும்போது தகரத்தைக் குலுக்குவது போல ஒரு கிலுகிலுப்பு. முன் பிரேக் லீவரை வேகம் குறையாத அளவுக்கு ஒரே விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு அதே கற்கள் மேல் ஓட்டினேன். கிலுகிலுப்பு நின்றது. பிரேக்கை லேசாகப் பிடித்ததும் நிற்கிற சத்தம் என்றால் காலிப்பரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் உறுதி செய்யச் சுவர் சோதனை செய்தேன். எல்லோரும் செய்யலாம், கருவி எதுவும் வேண்டாம். முன் டயரைச் சுவரில் முட்டும்படி வண்டியை நேராக நிறுத்தி, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னோக்கி அழுத்தி அழுத்தி விட வேண்டும். கோன் செட்டோ ஃபோர்க்கோ ஆக்சிலோ ஆடினால் இப்போதும் டக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்து பிரேக்கைப் பிடித்து ஆட்டினேன். டக். பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, கோன் செட் உட்காரும் ஹெட்டுக்கு அடியில் ஃபோர்க்கின் கீழ்த் தட்டு சேரும் இடத்தில் ஒரு விரலும் காலிப்பரில் பேடின் முனையில் ஒரு விரலும் வைக்கச் சொன்னேன். கீழ்த் தட்டில் அசைவே இல்லை. "அண்ணே, பேடு குதிக்குதுண்ணே" என்றான்.

காலிப்பரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேடுகளுக்கு மேல் உட்கார்ந்து அவற்றை ஒரு பக்கமாக அழுத்தி வைக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் இல்லை. எப்போதோ பேட் மாற்றும்போது கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. அது இல்லாமலும் பிரேக் பிடிக்கும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் பேட் தன் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் போல முன்னும் பின்னும் உலவும். பிரேக் பிடித்ததும் சுற்றுகிற டிஸ்க் பேடை இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் மோதுகிறது, அதுதான் டக். பிறகு ரோட்டின் குலுக்கலில் அது பழைய இடத்துக்கு வரும்வரை அடுத்த டக் கேட்காது.

சரி, அடுத்தது பெரிய சத்தம். அதற்கு முன் கோன் செட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டியிருந்தது. வண்டி நேராகப் போகவில்லை என்று அவர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, என்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். ஃபோர்க்கின் இரண்டு அடிகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் துளி ஆட்டம் இல்லை. சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினாலும் பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஆனால் ஹேண்டிலை ஒற்றை விரலால் திருப்பியபோது நடுவில் வந்ததும் குழியில் விழுந்தது போல உட்கார்ந்துகொண்டது. நல்ல கோன் செட் என்றால், சக்கரம் தூக்கியிருக்கும்போது ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினாலே அது தன் எடையில் பக்கவாட்டில் போய் விழ வேண்டும். இது தள்ளினாலும் நகராமல், அழுத்தித் தள்ளினால் துள்ளி வெளியே வந்தது.

நடந்தது புரிந்தது. பிரேக் பிடித்து ஆட்டியபோது கேட்ட டக்கை நிறுத்துவதற்காகக் கோன் நட்டை இறுக்கியிருக்கிறார்கள். சத்தம் காலிப்பரில் இருக்கும்போது இங்கே எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். பிறகு கழற்றிப் பார்த்தபோது கோன் செட்டின் கீழ்க் கிண்ணமான கப்பில், பால்ஸ் எனும் இரும்புக் குண்டுகள் உட்கார்ந்த இடைவெளியிலேயே வரிசையாகக் குழிகள். ஒரு உலோகத்தின் கடினத்தை அளக்க ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் 1900-இல் கொண்டுவந்த முறையே இதுதான்: கடினமான ஒரு குண்டை அழுத்தி, அது விடும் பள்ளத்தை அளப்பது. இப்படிப் பேரிங்கில் விழும் குழிக்கும் அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த வேலையை அளவுக்கு மீறி இறுகிய நட்டும் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் சேர்ந்து செய்திருக்கின்றன.

இரு சக்கர வண்டி மெதுவாகப் போகும்போது நாம் அறியாமலே ஹேண்டிலை நூலளவு இடமும் வலமும் திருப்பித்தான் சாயாமல் வைத்திருக்கிறோம். நடுவில் குழி இருந்தால் அந்த நூலளவுத் திருப்பம் நடக்காது. ஹேண்டில் ஒட்டிக்கொள்ளும், வண்டி சாயும், நாம் இன்னும் தள்ளுவோம், அது திடீரென்று துள்ளித் தேவைக்கு மேல் திரும்பும். பின்னால் நூறு கிலோவோடு இருட்டில், பாதி இறக்கிய கேனில் பால் தளும்ப, ஒருவர் எட்டு மாதம் இப்படி ஓட்டியிருக்கிறார். இதை அவரிடம் விளக்கிச் சொன்னேன். "உங்க கையில ஒண்ணுமில்லண்ணே, இந்தாங்க நீங்களே திருப்பிப் பாருங்க" என்று ஹேண்டிலைக் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெரிய சத்தத்தை வரவழைக்க அவருடைய கேன்களிலேயே தண்ணீர் நிரப்பினோம். எண்பது லிட்டர். முதலில் அளவெடுத்தேன். முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஃபோர்க் பைப் வெளியே தெரியும் நீளம், ஆள் உட்கார்ந்ததும் தெரியும் நீளம், கேனோடு ஆள் உட்கார்ந்தபின் தெரியும் நீளம் என்று மூன்று அளவு. காலி வண்டியில் ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க் 33 மி.மீ. அமுங்குகிறது. கேன் மாட்டியதும் 21 மி.மீ. மட்டும். பின்னால் தொங்கும் சுமை முன்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. அதாவது ஃபோர்க் கீழே இறங்க நிறைய இடமும் மேலே எழும்ப மிகக் குறைந்த இடமும் இருக்கிற நிலையில் வண்டி ஓடுகிறது.

நான் ஓட்ட, பையன் இன்னொரு வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி பக்கத்திலேயே வந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் ஃபோர்க்கைப் படம் பிடித்தான். தெரு முனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது சத்தமில்லை. முன்சக்கரம் இறங்கியதும் ஒரு "தட்". பின்சக்கரம் இறங்கியபோது அதைவிடப் பெரிதாக இன்னொரு "தட்", ஹேண்டிலில் சுத்தியலால் அடித்தது போல. படத்தில் தெளிவாகத் தெரிந்தது: இரண்டு முறையும் ஃபோர்க் முழுதாக நீண்டு முட்டும்போதுதான் சத்தம். அமுங்கும்போது இல்லை.

ஃபோர்க் நீளும்போது முட்டாமல் காப்பது ஆயில்தான். பைப்புக்குள் இருக்கும் டேம்பர் ராடின் தலைக்கும் பைப்பின் அடிமுனைக்கும் நடுவில் ஆயில் மாட்டிக்கொள்ளும். ஃபோர்க் நீள நீள அந்த இடம் சுருங்கி, ஆயில் ராடில் உள்ள சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டும். அந்தப் பிதுங்கலின் எதிர்ப்புதான் வேகத்தைக் குறைக்கிறது. கடைசியில் மிஞ்சும் மோதலை ஒரு குட்டி ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஆயில் தணிப்புள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க் 1935-இல் பி.எம்.டபிள்யூ ஆர்12 வண்டியில் வந்தது. இன்று நம் வண்டிகளில் இருப்பதும் அடிப்படையில் அதே வேலைதான். ஆயிலுக்குப் பதில் அங்கே காற்று இருந்தால் பிதுங்க ஒன்றுமில்லை, உலோகம் உலோகத்தோடு மோதும்.

ஆனால் இரண்டு ஆயில் சீலும் உலர்ந்திருந்தன. பைப்பில் ஆயில் படலம் இல்லை. முன்பு பார்த்தவர்களும் இதைப் பார்த்துத்தான் ஃபோர்க் நன்றாக இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். நானும் அங்கே ஒரு கணம் தடுமாறினேன் என்பது உண்மை.

சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றினால் ஃபோர்க்கின் இரண்டு காலும் தனித்தனியாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு அடிக் குழாயையும் கையால் தள்ளி இழுத்துப் பார்த்தேன். வலது கால் இழுக்கும்போது கையை நன்றாக எதிர்த்தது, மெதுவாகத்தான் இறங்கியது. இடது கால் சைக்கிள் பம்ப் போல வழுக்கி இறங்கி முடிவில் டக்கென்று முட்டியது. அப்புறம்தான் இடது காலின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். வலது காலின் அடியில் காய்ந்த புழுதி. இடது காலின் அடியில், டேம்பர் ராடைப் பிடிக்கும் ஆலன் போல்ட்டைச் சுற்றி, பிசுபிசுவென்று ஈரச் சேறு விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. ஆயில் மேலே சீல் வழியாக வரவில்லை. அடியில் அந்த போல்ட்டின் காப்பர் வாஷர் வழியாகத் துளித்துளியாகக் கசிந்து, ரோட்டுப் புழுதியோடு கலந்து, தரையில் சொட்டாமலே போயிருக்கிறது.

வடித்து அளந்தோம். அந்த வண்டிக்கு ஒரு காலுக்கு 165 மி.லி. வேண்டும். வலது காலில் 150. இடது காலில் 70, அதுவும் சாம்பல் நிறத்தில் நுரையாக. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சீல் மாற்றியதாக அவர் நினைவுபடுத்திச் சொன்னார். சீல் மாற்ற அந்த அடி போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய காப்பர் வாஷர் ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிய வாஷர், அதையே திரும்பப் போட்டால் சரியாக அடைக்காது. வாஷர் ஐந்து பத்து ரூபாய்ச் சாமான். அவர் அதுவரை இந்தச் சத்தத்துக்காகச் செலவழித்தது மூவாயிரத்துக்கு மேல்.

இடது காலின் குட்டி ஸ்பிரிங்கை வலது காலினதோடு நிறுத்திப் பார்த்தபோது 2 மி.மீ. குட்டையாக இருந்தது. மோதல் எல்லாவற்றையும் தனியாக வாங்கியிருக்கிறது. பைப்புகளைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன், வளைவு இல்லை.

வேலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு காலுக்கும் புது காப்பர் வாஷர், புது சீல், 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில். ஊற்றியதும் பைப்பைப் பத்து தடவை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, ஸ்பிரிங் போடும் முன் இரண்டு பக்கமும் ஆயில் மட்டம் ஒன்றா என்று ஸ்கேல் விட்டுப் பார்த்தோம். ஊற்றிய அளவு சரியாக இருந்தாலும் காற்று மாட்டியிருந்தால் மட்டம் மாறும், அதனால் மட்டத்தைத்தான் நான் நம்புவேன். இடது ராடுக்குப் புதுக் குட்டி ஸ்பிரிங். காலிப்பருக்குத் தகட்டு ஸ்பிரிங், அதன் பின்களைத் துடைத்து பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ். பேட் பாதிக்கு மேல் மிச்சமிருந்ததால் மாற்றவில்லை.

கோன் செட் மூன்றாவது முறையாக மாற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தடவை குழி விழுந்ததால். புதுக் கப்பைச் சாயாமல் அடிப்பதில்தான் பொறுமை வேண்டும். ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் நின்றால் எவ்வளவு சரியாக நட்டைப் பிடித்தாலும் ஹேண்டில் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் ஆடும். பழைய கப்பைக் கவிழ்த்து வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி, சத்தம் மாறும்வரை இறக்கினோம். பால்ஸ் உட்காருவதற்காக நட்டை முதலில் இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடி அந்தக் கோடி பத்து முறை திருப்பி, பின் முழுதாகத் தளர்த்தி, ஆட்டம் மறையும் இடம்வரை மட்டும் திரும்பப் பிடித்தேன். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டும் கொஞ்சம் இழுபடும், அதனால் எல்லாம் இறுக்கியபின் மறுபடி பார்க்க வேண்டும். மூன்று தடவை தளர்த்திப் பிடித்த பிறகுதான் ஹேண்டில் தானாகச் சாய்ந்தது, அடியைப் பிடித்து இழுத்தால் ஆட்டமும் இல்லை.

ஆக்சிலைப் போட்டதும் உடனே எல்லா போல்ட்டையும் இறுக்காமல், பிரேக் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி, கால்கள் தங்கள் இடத்தில் நின்றபின் ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டை இறுக்கினோம். இதைத் தவறவிட்டால் இரண்டு காலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஃபோர்க் சரியாக ஏறி இறங்காது.

கேரியரைப் பற்றி அவரிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. சுமை அந்த வண்டிக்கு அதிகம்தான். ஆனால் அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அவர் வருமானம். கேன் தொங்கும் இடத்தை நாலு அங்குலம் முன்னுக்கு மாற்றி வெல்டிங் வைக்கலாம் என்றேன். கால் இடிக்கும் என்றார். கேனை மாட்டிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். மாற்றியபின் தண்ணீர் கேனோடு அளந்தால் ஃபோர்க் 28 மி.மீ. அமுங்கி நின்றது. எழும்ப ஏழு மில்லிமீட்டர் இடம் கூடுதல். அதே ஸ்பீடு பிரேக்கர், அதே எண்பது லிட்டர். ஏறி இறங்கியதில் செயின் சத்தமும் டயர் சத்தமும் மட்டும்தான் கேட்டன.

மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தேன், வந்தார். 1,300 கி.மீ. ஓடியிருந்தது. அடி போல்ட் இரண்டும் உலர்ந்த புழுதியோடு இருந்தன. புதுக் கப்பில் பால்ஸ் படிந்ததால் கோனில் மயிரிழை ஆட்டம் வந்திருந்தது, அரைக்கால் சுற்று பிடித்துவிட்டேன். 5,000 கி.மீ.-இல் இடது காலை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். ஆயில் இல்லாமல் அத்தனை மாதம் ஓடியதில் அடிக் குழாயின் உள்பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வடித்து எடுக்கும் ஆயிலின் நிறத்தில் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது ஹேண்டிலைத் தொடையில் சாய்த்து ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தூக்குவாளியை எடுத்து நீட்டினார். அரை லிட்டர் எருமைப்பால். "டீ போட்டுக் குடிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். தெரு முனை ஸ்பீடு பிரேக்கர்வரை காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தேன்.